டர்போ எஞ்சினுக்கு மாற்று பிசிவி வால்வு: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சோதிப்பது

டர்போ பெட்ரோல் காரில் டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஓரம் ஆயில் கசிகிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறது, ஐடிலிங் ஏறி இறங்குகிறது. இதில் எந்தப் புகார் வந்தாலும், கேஸ்கெட், ஆயில் சீல், டர்போ என்று ஒவ்வொன்றாகக் கழற்றப் போவதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுத்து வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். கைக்குள் அடங்கும் சின்னப் பாகம்தான். ஆனால் அது கெட்டதால் வந்த புகைக்கு நல்ல டர்போவை மாற்றிவிட்டு, புகை நிற்கவில்லையே என்று திகைப்பது ஒர்க்ஷாப்புகளில் அடிக்கடி நடக்கிறது. வால்வுதான் குற்றவாளி என்று சரியாகக் கண்டுபிடித்தவர்களும், கடையில் கிடைத்த அதே சைஸ் வால்வைப் போட்டுப் பிரச்சினையைப் பெரிதாக்கிக்கொள்வதுண்டு. சைஸ் பொருந்துவது வேறு, பூஸ்டை, அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை, தாங்குவது வேறு.

வால்வுக்கு இரண்டு வேலை

எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, பிஸ்டன்களுக்குக் கீழுள்ள அறையான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். இதற்கு புளோ-பை என்று பெயர். அதில் எரியாத பெட்ரோல், நீராவி, அமிலத்தன்மையுள்ள வாயுக்கள் எல்லாம் இருக்கும். வெளியேற்றாவிட்டால் ஆயில் கெட்டு வண்டலாகும், உள்ளே அழுத்தம் ஏறும். அதனால் அந்த வாயுவை சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் வேக்குவத்தை (உறிஞ்சலை) கொண்டு இழுத்து, மறுபடி சிலிண்டருக்கே அனுப்பி எரிக்கிறார்கள். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அளந்துவிடுவது வால்வின் முதல் வேலை.

சாதாரண வால்வுக்குள் ஒரு பிளஞ்சரும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டுமே இருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஸ்பிரிங் பிளஞ்சரைக் கிராங்க்கேஸ் பக்கத்து இருக்கையில் அழுத்தி மூடியிருக்கும். ஐடிலிங்கில் மேனிஃபோல்டு வேக்குவம் 0.6 முதல் 0.7 பார் வரை இருக்கும். அந்த இழுப்பில் பிளஞ்சர் எதிர்முனைக்குப் போய் வழியைச் சுருக்கிவிடும், எனவே ஓட்டம் குறைவு. சீரான வேகத்தில் ஓடும்போது வேக்குவம் தணியும், பிளஞ்சர் நடுவில் நிற்கும், ஓட்டம் கூடும். புளோ-பையும் அப்போதுதான் கூடுதல் என்பதால் கணக்கு ஒத்துப்போகிறது.

டர்போ பூஸ்ட் கொடுக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் இல்லை, அழுத்தம் இருக்கிறது. வால்வு முழுதாக மூடிக்கொண்டு அந்த அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போகாமல் தடுக்க வேண்டும். இது இரண்டாவது வேலை. அந்த நேரத்தில் புளோ-பை வேறு வழியில் போகும்: டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள பைப்புக்குச் செல்லும் பிரீதர் ஹோஸ் வழியாக. டர்போ காற்றை இழுப்பதால் அங்கே எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்கும்.

டர்போ இல்லாத எஞ்சினுக்கான வால்வு, பின்வெடி வந்தால் ஒரு கணம் மூடிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. பல நொடிகள் தொடர்ந்து 0.7 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பிளாஸ்டிக் உடல், ரப்பர் சீல் இல்லாத இருக்கை, மெல்லிய ஸ்பிரிங். பூஸ்ட் வந்ததும் ஓரமாகக் கசியும். கசிந்த காற்று கிராங்க்கேஸை நிரப்பும், டிப்ஸ்டிக் மேலே எழும்பும், டேப்பெட் கவர் கேஸ்கெட்டும் கிராங்க் ஆயில் சீலும் ஒழுகும்.

டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் புவியீர்ப்பை மட்டும் நம்பி இறங்குவது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கி, ஷாஃப்ட் ஓரமாக எக்ஸாஸ்டுக்கோ கம்ப்ரஸருக்கோ கசியும். டர்போவைக் குறைசொல்ல வைக்கும் நீலப் புகை இதுதான்.

உங்கள் எஞ்சினில் எந்த அமைப்பு?

வால்வு வாங்கும் முன் ஹோஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். அமைப்பு தெரியாமல் வாங்கிய வால்வு பெரும்பாலும் வீண்.

தனி வால்வு டேப்பெட் கவரில் செருகியோ, மரையில் திருகியோ இருக்கும் எஞ்சின்கள் ஒரு வகை. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகள் இதற்கு நல்ல உதாரணம். டேப்பெட் கவரின் இன்டேக் பக்கத்தில் ரப்பர் குரோமெட்டில் வால்வு செருகியிருக்கும், எதிர்ப்பக்கத்தில் பிரீதர். இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் டர்போ இல்லாமல் வந்தவை. பின்னால் டர்போ கிட் போடுபவர்கள் பழைய வால்வை அப்படியே விட்டுவிடுவதுதான் இவற்றில் நடக்கும் முதல் தவறு.

இன்னொரு வகையில் தனி வால்வே இருக்காது. டேப்பெட் கவருக்குள்ளேயோ அதன்மேல் திருகிய ஒரு பெட்டிக்குள்ளேயோ ஒரு ரப்பர் டயஃப்ரமும் (வளையும் மெல்லிய தகடு), காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் ஒன்றோ இரண்டோ செக் வால்வுகளும் இருக்கும். ஃபோக்ஸ்வேகன் 2.0 டிஎஃப்எஸ்ஐ, பிஎம்டபிள்யூ என்55, செவர்லே குரூஸ் 1.4 டர்போ எல்லாம் இப்படித்தான். டயஃப்ரம் கிராங்க்கேஸில் சில பத்து மில்லிபார் அளவுக்குள் வேக்குவத்தை நிலைநிறுத்தும். அது கிழிந்தால் மேனிஃபோல்டின் முழு உறிஞ்சலும் கிராங்க்கேஸுக்குப் போய்விடும். விசில் போலவோ ஊளை போலவோ சத்தம் கேட்கும், ஆயில் மூடியைத் திறக்கவே கை வலிக்கும், பி0171 அல்லது பி0507 போன்ற பிழைக் குறியீடுகள் ஸ்கேனரில் வரும்.

குரூஸ் 1.4 எஞ்சினைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வால்வு தேர்வில் நடக்கும் தவறை இது தெளிவாகக் காட்டுகிறது. இதில் பூஸ்டைத் தடுக்கும் செக் வால்வு, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் பொருத்திய சின்ன ரப்பர் குமிழ். அது தேய்ந்து கழன்று எஞ்சினுக்குள் போய்விட்டால் பூஸ்ட் நேராக டேப்பெட் கவருக்கு ஏறி டயஃப்ரத்தைக் கிழிக்கும். கிழிந்த டயஃப்ரம் கண்ணுக்குத் தெரியும், மேனிஃபோல்டுக்குள் இருக்கும் குமிழ் தெரியாது. எனவே டேப்பெட் கவரை மட்டும் மாற்றுவார்கள், புதுக் கவரும் சீக்கிரமே கிழியும். மேனிஃபோல்டில் சேரும் நெளிவு ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்து, துளைக்குள் ஆரஞ்சு நிறக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கவருக்கு ஆர்டர் போடுங்கள். குமிழ் இல்லையென்றால் மேனிஃபோல்டையும் மாற்ற வேண்டும், அல்லது வெளியே தனிச் செக் வால்வு வைக்கும் கிட் வாங்க வேண்டும்.

சூப்பர்சார்ஜர் விஷயம் வேறு. திராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருந்து, பிசிவி ஹோஸ் அந்த இரண்டுக்கும் இடையில் சேர்ந்தால், பூஸ்ட் அந்த ஹோஸுக்கு வரவே வராது. அங்கே சாதாரண வால்வே போதும். ஹோஸ் சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் சேர்ந்தால் டர்போவுக்குச் சொன்ன எல்லாம் பொருந்தும்.

வாங்கும்போது

கம்பெனியிலிருந்தே டர்போவுடன் வந்த எஞ்சின் என்றால் யோசிக்க வேண்டாம், கம்பெனி பாகத்தையே வாங்குங்கள். பாக எண்ணின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். டயஃப்ரம் வகைகளில் கம்பெனிகள் பலமுறை திருத்தம் செய்திருக்கின்றன, எழுத்து மாறுவது அந்தத் திருத்தத்தைக் குறிக்கும். பழைய எழுத்துள்ள பாகம் மலிவாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் உண்டு. ஒரே எஞ்சின் குடும்பத்தில் டர்போ உள்ளதும் இல்லாததும் இருந்தால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண் கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் தவறான வால்வு வர வாய்ப்பு அதிகம்.

பிற்பாடு டர்போ போட்ட எஞ்சினுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய வால்வை ஓட்டத்தை அளந்துவிடுவதற்காக வைத்துக்கொண்டு, மேனிஃபோல்டுக்கு அருகில் ஒரு தனிச் செக் வால்வைச் சேர்ப்பது ஒன்று. பூஸ்டுக்காகவே செய்த, உலோக உடலும் ரப்பர் சீலும் கொண்ட வால்வை வாங்குவது மற்றொன்று. முதல் வழியே பெரும்பாலோருக்கு நல்லது. காரணம், எஞ்சினுக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று கம்பெனி கணக்கிட்ட வால்வு அப்படியே இருக்கிறது. தடுக்கும் வேலையை மட்டும் வேறொரு பாகம் எடுத்துக்கொள்கிறது. செக் வால்வு மேனிஃபோல்டு ஓரத்தில் இருப்பதால் நடுவிலுள்ள ஹோஸும், ஆயில் துளிகளைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேனும் பூஸ்டைப் பார்க்காமல் தப்பிக்கின்றன.

அந்தச் செக் வால்வு எளிதில் திறக்க வேண்டும். பெட்ரோல் லைனுக்கான செக் வால்வுகளில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். திறக்கவே 0.1 பாருக்கு மேல் தேவைப்பட்டால், வேக்குவம் குறைந்த நேரத்தில், அதாவது ஓட்டம் அதிகம் வேண்டிய நேரத்தில், அது மூடியே கிடக்கும். புதிய வால்வை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாயால் ஊதிப் பாருங்கள்: திறக்கும் திசையில் மூச்சு தடையின்றிப் போக வேண்டும். பிரேக் பூஸ்டரின் செக் வால்வைப் போடுவதும் வழக்கத்தில் உண்டு. ஓட்டம் போதும், ஆனால் ஆயில் ஆவியிலும் சூட்டிலும் அந்தப் பிளாஸ்டிக் விரைவில் நொறுங்கும். தற்காலிகத்துக்கு மட்டும் சரி.

பூஸ்ட் வால்வு என்று விற்கப்படுபவற்றில் சிலவற்றுக்குப் பிளஞ்சரே இல்லை. நிலையான ஒரு துளையும் ஒரு செக் குண்டும்தான். அவற்றை வாங்கும் முன் துளையின் அளவைக் கேளுங்கள். ஐடிலிங் வேக்குவத்தில் 2 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் காற்று போகும். 3 மி.மீ. என்றால் அது இரண்டு மடங்குக்கும் மேல், 65 லிட்டரைத் தாண்டும். 1.4 லிட்டர் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் இழுப்பதே தோராயமாக 150 லிட்டர். அதில் பாதிக்கு அருகில் இந்தத் துளை வழியாகவே வந்துவிட்டால், திராட்டிலை மூடினாலும் ஆர்பிஎம் இறங்காது, ஆயில் துளிகளும் சேர்ந்து மேனிஃபோல்டுக்கு ஏறும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அந்த ஆயில் இன்டேக் வால்வின் முதுகில் கரியாகப் படியும், கழுவிவிட அங்கே பெட்ரோல் தெளிப்பு கிடையாது.

மரை விஷயத்தில் அவசரம் கூடாது. உள்ளூர் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி மரை. அமெரிக்க வால்வுகளில் வருவது என்பிடி. 3/8 அங்குலத்தில் என்பிடிக்கு அங்குலத்துக்கு 18 இழை, பிஎஸ்பிக்கு 19. முதல் இரண்டு சுற்று சுலபமாக ஏறும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்து இன்னும் திருகினால் அலுமினியக் கவரின் மரை போய்விடும். 1/2 அங்குலத்தில் இரண்டுக்கும் 14 இழைதான், ஆனால் கோணம் 60 டிகிரியும் 55 டிகிரியும், ஏறும் ஆனால் ஒழுகும். ஜப்பான் கார்களில் மில்லிமீட்டர் மரையும் உண்டு. பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

பொருத்துவதற்கு முன் மேஜைமேல் சோதனை

குலுக்கிப் பார்த்தால் கடகட என்று சத்தம் வந்தால் வால்வு நல்லது என்று சொல்வார்கள். பிளஞ்சர் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. பூஸ்டைப் பிடிக்குமா என்பதற்கு அந்தச் சத்தம் எந்தப் பதிலும் தராது. வாயால் ஊதிப் பார்ப்பதும் போதாது, மனித மூச்சு 0.1 பாரைத் தாண்டுவது கடினம்.

அழுத்தமானி உள்ள டயர் பம்ப், வால்வின் மேனிஃபோல்டு முனைக்குப் பொருந்தும் ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஒரு பாத்திரம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு முனையில் காற்றைக் கொடுத்து, வால்வைத் தண்ணீரில் முக்கிக் கிராங்க்கேஸ் முனையில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். 0.1 பாரில் தொடங்குங்கள், பிறகு 0.3, பிறகு உங்கள் காரின் உச்ச பூஸ்டுக்கு 0.3 கூடுதலாக. குறைந்த அழுத்தத்தில் சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். உச்ச அழுத்தத்தில் பிளஞ்சர் நன்றாக அழுந்தி மூடிக்கொள்ளும் பல வால்வுகள் 0.1, 0.2 பாரில்தான் ஒழுகும். நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது எஞ்சின் அதிக நேரம் நிற்பது அந்த அழுத்தத்தில்தான்.

இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி வந்தால் உலோக இருக்கை உள்ள வால்வுக்கு அது பரவாயில்லை. தொடர்ந்து சரமாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வால்வைக் கொதிக்கும் பதத்துத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். குளிரில் தேறி சூட்டில் தோற்கும் பிளாஸ்டிக் வால்வுகள் நிறைய இருக்கின்றன. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஹோஸ் பிய்த்துக்கொண்டு வந்தால் முகத்தில் அடிக்கும். சோதனை முடிந்ததும் வால்வை நன்றாக உலர்த்திவிட்டுப் பொருத்துங்கள்.

ஹோஸ், குரோமெட், கிளாம்ப்

நல்ல வால்வைத் தவறான ஹோஸ் கெடுத்துவிடும். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ் இபிடிஎம் ரப்பர், ஆயில் பட்டால் ஊதிப் பஞ்சாகும். பளபளக்கும் நிற சிலிக்கான் ஹோஸும் ஆயில் ஆவியைத் தாங்காது, நாளடைவில் வியர்த்து வெளிப்புறம் பிசுபிசுக்கும். உள்ளே ஃபுளோரோசிலிக்கான் பூச்சுள்ளது என்றால் சரி. எஸ்ஏஇ 30ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸ் பிசிவிக்கும் பெட்ரோல் ஆவிக்கும் ஏற்றது, விலையும் அதிகமில்லை. வளைவுகளில் வேக்குவத்தில் சப்பிக்கொள்ளாத தடிமன் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பாருங்கள்.

குரோமெட்டைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழையது சூட்டில் கல்லாகியிருக்கும், உடைத்து எடுக்கும்போது துண்டு எதுவும் உள்ளே விழக்கூடாது; துளையைச் சுற்றித் துணி வைத்துக்கொண்டு எடுங்கள். கிடைத்தால் எஃப்கேஎம் ரப்பர் வாங்குங்கள், நைட்ரைலைவிட அதிகச் சூடு தாங்கும். செருகும்போது துளி எஞ்சின் ஆயில் தடவினால் போதும். வால்வின் அம்புக்குறி மேனிஃபோல்டை நோக்கி இருக்க வேண்டும். பழையது எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் புதியதும் இருக்கட்டும், சில வால்வுகளில் பிளஞ்சரின் எடையும் கணக்கில் சேரும். தனிச் செக் வால்வு வைத்திருந்தாலும் மேனிஃபோல்டுக்கும் அதற்கும் இடையிலுள்ள துண்டு ஹோஸ் பூஸ்டைத் தாங்கியாக வேண்டும், இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள்.

பிரீதர் ஹோஸைக் கழற்றிவிட்டு டேப்பெட் கவரில் சின்ன ஃபில்டரைச் செருகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஏர் மாஸ் சென்சர் உள்ள காரில் இது நேரடித் தீங்கு. பிசிவி இழுக்கும் புதுக் காற்று சென்சரைத் தாண்டாமல் உள்ளே வருவதால் கலவை மெலியும். பூஸ்ட் நேரத்தில் டர்போ பைப்பின் உறிஞ்சலும் கிடைக்காமல் போகும். பிரீதர் ஹோஸ் சென்சருக்கும் டர்போவுக்கும் இடையில்தான் சேர வேண்டும்.

பொருத்திய பிறகு

எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஐடிலிங்கில் விடுங்கள். பிசிவி ஹோஸை இடுக்கியால் மெல்ல நசுக்கினால் ஆர்பிஎம் சற்றே இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் எங்கோ அடைப்பு. பிரீதர் ஹோஸை ஒரு நிமிடம் அடைத்து, ஆயில் மூடியைத் திறந்து அந்தத் துளைமேல் மெல்லிய காகிதம் வைத்தால் அது ஒட்டிப் பிடிக்க வேண்டும், பறக்கக் கூடாது. டயஃப்ரம் வகையில் மூடி திறந்ததும் ஐடிலிங் தடுமாறுவது இயல்பு.

துல்லியமாக அளக்க விரும்பினால் டிப்ஸ்டிக் குழாயில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். 10 மி.மீ. மட்ட வித்தியாசம் என்பது ஏறத்தாழ 1 மில்லிபார். ஆனால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், குழாயிலுள்ள தண்ணீர் முழுவதும் எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும். முதலில் மூடியின் இழுப்பைப் பாருங்கள், அது பலமாக இருந்தால் வேக்குவம் கேஜ் வையுங்கள்.

அடுத்தது பூஸ்ட் கசிவுச் சோதனை. எஞ்சினை நிறுத்தி டர்போ வாயில் அடைப்பு வைத்துக் காற்றைக் கொடுப்பார்கள். பிரீதர் ஹோஸ் அதே பைப்பில் சேர்வதால், அதை அடைக்காமல் காற்று கொடுத்தால் கிராங்க்கேஸ் முழுவதும் அந்த அழுத்தம் ஏறி நல்ல சீல்களும் வெளியே வந்துவிடும். பிரீதரைக் கழற்றி, பைப் பக்கத் துளையை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆயில் மூடியைத் திறந்து காது கொடுத்தால் லேசான காற்றுச் சத்தம் கேட்கும். திறந்திருக்கும் இன்டேக் வால்வு வழியாக ரிங்குகளைத் தாண்டி வருவதும் அதில் இருக்கும். எனவே மேனிஃபோல்டின் பிசிவி முனையைத் தற்காலிகமாக அடைத்து மறுபடி கேளுங்கள். சத்தம் குறைந்தால் வால்வு கசிகிறது. மாறாமல் இருந்தால் அது ரிங் வழியாக வருவது. சிலிண்டருக்குள் காற்றைக் கொடுத்து எவ்வளவு ஒழுகுகிறது என்று அளக்கும் லீக்-டவுன் சோதனையில் 20 சதவீதத்துக்கு மேல் இழப்பு காட்டி, காற்று ஆயில் மூடி வழியாக வந்தால் எந்த வால்வும் அந்த எஞ்சினின் ஆயில் கசிவை நிறுத்தாது. ரிங் வேலைதான் பார்க்க வேண்டும்.

ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் டிரிம்மை (காரின் கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) பழைய வால்வோடு குறித்துவைத்து, புதியது போட்ட பின் நூறு கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிடுங்கள். ஐடிலிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டல் பக்கம் போனால் கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது, குரோமெட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள். 500 கிலோமீட்டரில் மேனிஃபோல்டு பக்க ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். மெல்லிய ஆயில் படலம் இருந்தால் சரி. ஆயில் தேங்கி ஒழுகினால் வால்வு அளவுக்கு மேல் இழுக்கிறது, அல்லது டேப்பெட் கவருக்குள் ஆயிலைத் தடுக்கும் தகடு கழன்றிருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் வால்வைக் கழற்றி 0.1 பார் சோதனையை மட்டும் செய்துவிட்டு மாட்டுங்கள்.